பழைய காரின் முன்பக்க 'டொக்': எங்கே தேடுவது, எதை முதலில் பார்ப்பது

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே சுமார் 11 கிலோமீட்டர். திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744 இரண்டு ஊரையும் தொட்டுக்கொண்டு தென்காசி, செங்கோட்டை வழியாக மலை ஏறுகிறது. அந்தச் சாலையில் சத்தம் காட்டாமல் ஓடி வருகிற இருபது வயது மாருதி 800, ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டை நெருங்கி வேகம் 20க்குக் கீழே இறங்கியதும் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் 'டொக், டொக்' என்று அடிக்கத் தொடங்கும். பாதாளச் சாக்கடைக்கும் தாமிரபரணிக் குடிநீருக்கும் தோண்டி மூடிய தெருக்களில் ராஜபாளையத்து வண்டிகள் நெடுநாள் ஓடியிருக்கின்றன. மூடிய இடத்தில் அமிழ்ந்துபோன தார், ஆலை வாசல் வேகத்தடை, ரயில்வே கேட் தண்டவாளம் எல்லாம் ஏறி இறங்கித் தேய்ந்த முன்பக்கங்கள் இவை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத வீதிகளைச் சுற்றி வந்தாலும், செண்பகத்தோப்புச் சாலையில் மலையடிவாரம் வரை போனாலும் அதே 'டொக்'.

பட்டறைக்குப் போனால் நடப்பது பலருக்கும் தெரிந்த கதை. "அண்ணாச்சி, லோயர் ஆர்ம் போயிருச்சு, மாத்திருவோம்" என்பார் மெக்கானிக். மாற்றுவார், சத்தம் கொஞ்சம் குறையும். இரண்டு வாரத்தில் திரும்ப வரும். அடுத்து ஷாக் அப்சார்பர், அதற்கடுத்து ஸ்டீயரிங் ரேக். வண்டியின் விலையில் கால் பங்கு உதிரி பாகத்துக்கே போன பிறகும் அந்த 'டொக்' அங்கேயே இருக்கும். மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று உடனே சொல்லிவிட முடியாது. பழைய வண்டியில் தேய்ந்த பாகம் ஒன்றோடு நிற்பதில்லை. எதைக் கழற்றினாலும் அதில் தேய்மானம் இருக்கத்தான் செய்யும். கழற்றிய பாகத்தைக் கையில் கொடுத்து "பாருங்க, எப்படி ஆடுது" என்று காட்டுவதும் உண்மைதான். ஆனால் சத்தம் அதிலிருந்துதான் வந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

இந்தக் கேள்வி முன்னைவிட இப்போது அதிகம் பேரைத் தொடுகிறது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும்; பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 10,000 ஆனது. அவ்வளவு கட்டி வண்டியை வைத்துக்கொள்கிறவர்கள், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டிஎன் 84 வருவதற்கு முந்தைய டிஎன் 67 எண் பலகையோடு ஓட்டுகிறவர்கள், அந்த வண்டியை நம்பியே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அவர்களுக்கு ஊகத்தைவிட உறுதியான வழி ஒன்று வேண்டும்.

சத்தம் எப்படிப் பிறக்கிறது

முன்பக்கத்தில் 'டொக்' கேட்க மூன்று சேர வேண்டும். இரண்டு பாகங்களுக்கு நடுவே இடைவெளி இருக்க வேண்டும். அவற்றின் மேல் விழும் விசை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற வேண்டும். மோதும் பரப்பு கடினமாக இருக்க வேண்டும். இதில் இரண்டாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு முட்டு (ஜாயிண்ட்) எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அதன் மேல் பாரம் ஒரே திசையில் அழுத்திக்கொண்டிருந்தால் அது பேசாது. பாரம் திசை மாறும் நொடியில்தான் அடிக்கும். ஆகவே "எந்தப் பாகம் போயிருக்கும்?" என்று தொடங்குவதைவிட, "பாரம் எப்போது மாறும்போது அடிக்கிறது?" என்று தொடங்குவது பயன் தரும்.

ஏறக்குறைய எல்லா வண்டியிலும் சத்தம் மெதுவாகப் போகும்போது பெரிதாகவும் வேகத்தில் சிறிதாகவும் கேட்பதற்கு இதுவே காரணம். மெதுவாகப் போகையில் ஒற்றைச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி முழுதாக ஏறுகிறது, ஒவ்வொரு முட்டும் இரு பக்கமும் ஒருமுறை சாய்கிறது. காற்றின் இரைச்சலும் டயரின் இரைச்சலும் இல்லாததால் காதுக்கும் அது தெளிவாக விழுகிறது. வேகத்தில் அதே தேய்மானம் அப்படியே இருக்கும், கேட்காது, அவ்வளவுதான்.

காதை நம்புவதில் இன்னொரு சிக்கல். மாருதி 800 போன்ற வண்டிகளுக்குத் தனியான சேசிஸ் கிடையாது. தகரக் கூடே எலும்புக்கூடு. இடது சக்கரத்தில் விழும் அடி, தகரக் கொட்டகை மேல் விழுந்த கல்லைப் போல, கூடு முழுக்கப் பரவி வலது காலடியில் கேட்கும். தாழ்ந்த சுருதியுள்ள சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிரித்தறிவது மனிதக் காதுக்கு இயல்பாகவே கடினம், மூடிய காருக்குள் இன்னும் கடினம். அதனால்தான் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் காதால் திசையை மட்டும் குறித்துக்கொண்டு, முடிவைக் கைக்கு விட்டுவிடுகிறார்கள். வெளிநாட்டுப் பட்டறைகளில் பாகங்களின் மேல் சிறு மைக்குகளைக் கவ்வவிட்டு, ஓட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்கும் கருவி உண்டு. நம்மிடம் அது இல்லாவிட்டாலும், ஸ்ட்ரட் மேல் முனைக்கு அருகே பானெட்டுக்குள் செல்போனை இறுகக் கட்டி, வலதுபுறம் ஒருமுறை, இடதுபுறம் ஒருமுறை பதிவு செய்து கேட்டால் எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

சத்தம் பெரிதா, ஆபத்து பெரிதா

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் வாசகர் எடுத்துக்கொள்வதானால் இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். சத்தத்தின் அளவுக்கும் ஆபத்தின் அளவுக்கும் தொடர்பு இல்லை. ஸ்டெபிலைசர் லிங்க் ராடு தேய்ந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு லொடலொடக்கும். அதோடு மாதக்கணக்கில் ஓட்டினாலும் சக்கரம் எங்கும் போகாது. ஸ்ட்ரட்டின் மேல் ரப்பர் கிழிந்தாலும், பிரேக் பேடு ஆடினாலும் சத்தம் பெரிது, உடனடி ஆபத்து குறைவு. மாறாக லோயர் ஆர்மின் பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட், ரேக் எண்ட் மூன்றும் மெல்லிய 'டிக்' மட்டும் கொடுத்துக்கொண்டே கடைசிவரை தேயக்கூடியவை. பால் ஜாயிண்ட் கிண்ணத்தை விட்டுக் கழன்றால் சக்கரம் பக்கவாட்டில் மடிந்து விழும், வண்டி அந்தப் பக்கம் தரையில் உட்காரும். டை ராடு எண்ட் கழன்றால் ஒரு சக்கரம் ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்படாது. தென்காசி போகும் சாலையில் எதிரே லாரி வரும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே தேடும் வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: முதலில் ஆபத்தானவை, பிறகு அதிகம் தேய்பவை, கடைசியில் விலை மலிந்தவை. நடைமுறையில் நம்மிடம் இது தலைகீழாகவே நடக்கிறது. ஐம்பது ரூபாய் புஷ்ஷை முதலில் மாற்றிப் பார்ப்போம், சத்தம் நின்றுவிட்டால் அத்தோடு விட்டுவிடுவோம். நின்ற சத்தத்துக்கும் ஆடிக்கொண்டிருக்கும் பால் ஜாயிண்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். வீல் நட்டு நான்கும் இறுகியிருக்கிறதா என்பதில் தொடங்கி, பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட் இரண்டையும் கையால் ஆட்டிப் பார்த்து, அவை பாதுகாப்பாக இருக்கின்றன என்று தெரிந்த பிறகே சத்தத்தைத் தேட வேண்டும்.

மாருதி 800இன் தனித்தன்மை

இந்த ஊர்ப் பட்டறைகளுக்கு அதிகம் வரும் பழைய வண்டிகளின் முன்பக்கம் பெரும்பாலும் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வகை. ஏர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் வகுத்த அமைப்பு இது. 1950இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஃபோர்டு கான்சல், ஸெஃபைர் கார்களால் பரவலாகத் தெரியவந்து, சிறிய கார்களின் பொது வழக்கமாகவே ஆகிவிட்டது. 1983 டிசம்பரில் வெளிவந்து 2014 ஜனவரி வரை உற்பத்தியான மாருதி 800, 1998இல் வந்த சான்ட்ரோ, இண்டிகா எல்லாம் இதே குடும்பம். ஷாக் அப்சார்பரே ஒரு தூணாக நின்று, ஸ்பிரிங்கைச் சுமந்து, மேல் முனையில் ரப்பர் மவுண்ட் வழியாகக் கூட்டோடு சேர்கிறது. கீழ் முனையை ஒரே ஒரு லோயர் ஆர்ம் பிடித்துக்கொள்கிறது. வண்டியின் பாரம் ஸ்ட்ரட் வழியாகப் போகிறது. கீழே உள்ள பால் ஜாயிண்ட் பாரத்தைச் சுமப்பதில்லை, பக்கவாட்டு இழுப்பையும் பிரேக் இழுப்பையும் தாங்குகிறது. ஆகவே இந்த வண்டிகளில் பால் ஜாயிண்ட் பெரும்பாலும் பிரேக் போடும்போதும் வளைவில் திரும்பும்போதும்தான் பேசும்.

மாருதி 800இல் இதற்கு மேலும் ஒரு தனித்தன்மை உண்டு. மற்ற பல கார்களில் ஸ்டெபிலைசர் பார் என்பது வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் துணை மட்டுமே. 800இல் அந்தக் கம்பி இரட்டை வேலை பார்க்கிறது. அதன் இரு முனைகளும் லோயர் ஆர்மில் உள்ள துளைக்குள் நேராக நுழைகின்றன. ஆர்மின் இரு பக்கமும் ரப்பர் புஷ், வாஷர், கடைசியில் பூட்டு ஊசியோடு ஒரு நட்டு. லோயர் ஆர்ம் மெலிந்த ஒற்றைக் கை. முன்னும் பின்னும் போகாமல் அதைப் பிடித்து நிறுத்துவதே அந்த ஸ்டெபிலைசர் பார்தான். அந்த ரப்பர் இளகிப் பொடியாகிவிட்டால், பிரேக் மிதித்ததும் சக்கரம் ஆர்மோடு சேர்ந்து பின்னால் நகர்ந்து 'டொக்' என்று முட்டும்; விட்டு ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் முன்னால் வந்து மறுபடி முட்டும்.

இதைச் சோதிப்பது எளிது. சமதளமான இடத்தில் வண்டியை நடை வேகத்தில் முன்னே செலுத்தி பிரேக் போடுங்கள். பின்னே எடுத்து மறுபடி போடுங்கள். திசை மாறிய பின் வரும் முதல் பிரேக்குக்கு மட்டும் ஒரு 'டொக்', அதே திசையில் இரண்டாம் முறை போட்டால் இல்லை என்றால், இடைவெளி முன்பின் திசையில் இருக்கிறது. அப்போது வெளியே ஒருவர் குந்தி உட்கார்ந்து, டயருக்கும் ஃபெண்டர் விளிம்புக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். புஷ் போயிருந்தால், பிரேக் பிடிக்கும் கணத்தில் சக்கரம் பின்னால் நழுவுவது கண்ணுக்கே தெரியும். காதுக்கும் ஊகத்துக்கும் இடமில்லாத சாட்சி அது. அதே சோதனையை கிளட்சை அழுத்திக்கொண்டும் செய்ய வேண்டும். கிளட்ச் அழுத்தியிருக்கையில் சத்தம் இல்லாமல், கிளட்சை விடும்போது மட்டும் வந்தால், தேட வேண்டியது இன்ஜின் மவுண்டிங்கையோ ஆக்ஸிலின் உள்பக்க ஜாயிண்டையோதான். சஸ்பென்ஷன் பக்கம் போகவே வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. லிங்க் ராடு உள்ள புதிய வகைக் கார்களில், "இரண்டு பக்கமும் லிங்க்கைக் கழற்றிவிட்டு மெதுவாக ஓட்டிப் பாருங்கள், சத்தம் நின்றால் குற்றவாளி அதுதான்" என்று ஒரு சோதனை உண்டு. நல்ல சோதனை, அந்த வண்டிகளுக்கு. மாருதி 800இல் ஸ்டெபிலைசர் பாரைக் கழற்றினால் ஆர்மைப் பிடிக்க எதுவும் இருக்காது. முதல் பிரேக்கிலேயே சக்கரம் பின்னால் ஓடிவிடும். கழற்றிய நிலையில் அந்த வண்டியைப் பட்டறை வாசல் தாண்டவும் விடக்கூடாது.

ஓட்டிப் பார்ப்பது

ஓட்டிப் பார்ப்பதற்கு இந்த இரண்டு ஊர்களைவிட வசதியான இடம் தேட வேண்டியதில்லை. சாலையின் முழு அகலத்துக்கும் போட்ட வேகத்தடையில் நேராக ஏறினால் இரண்டு முன்சக்கரமும் சேர்ந்து ஏறும். அப்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படுவதில்லை, சும்மா சுழல்கிறது. அதன் புஷ்ஷும் லிங்க்கும் அநேகமாக அமைதியாக இருக்கும். அதே வேகத்தடையில் சாய்வாக, ஒரு சக்கரம் முந்தி ஒரு சக்கரம் பிந்தி ஏறினால் கம்பி முறுக்குண்டு சத்தம் வரும். நேராக ஏறும்போது இல்லை, சாய்வாக ஏறும்போது உண்டு என்றால் சந்தேகம் ஸ்டெபிலைசர் பக்கம் போகிறது. இரண்டிலும் ஒரே மாதிரி வந்தால் ஸ்ட்ரட்டும் மேல் மவுண்டும் விசாரணைக்கு உரியவை. வேகத்தடையிலிருந்து இறங்கும்போது, அதாவது சக்கரம் கீழே தொங்கும் கணத்தில், ஒரே ஒரு கனத்த அடி விழுந்தால் ஸ்ட்ரட் தண்டின் மேல் நட்டு தளர்ந்திருப்பதும் ஷாக்கின் உள்ளே தேய்ந்திருப்பதும் அதிகம் காணப்படும் காரணங்கள். பெரிய பள்ளத்தில் மட்டும் 'டமார்' என்றால் பம்ப் ஸ்டாப் ரப்பர் உதிர்ந்துபோய் இரும்போடு இரும்பு மோதுகிறது.

ராஜபாளையத்து அய்யனார் கோயில் பாதையில் கிடக்கும் சரளைக் கல் வேறு வகைச் சோதனை. சிறு கல்லில் விடாமல் 'தடதட' என்று ஓடும் சத்தம், அதோடு ஸ்டீயரிங்கைப் பிடித்த உள்ளங்கையில் ஒரு துடிப்பு என்றால் ரேக்கின் புஷ், ரேக் எண்ட், ஸ்டீயரிங் தண்டின் கீழ் ஜாயிண்ட் இந்த மூன்றில் ஒன்று. கையில் எதுவும் தெரியாமல் காலடித் தகட்டில் மட்டும் துடித்தால் லோயர் ஆர்ம் புஷ் பக்கம் பார்க்கலாம். அதே சரளையில் பிரேக் பெடலை லேசாகத் தொட்டுக்கொண்டே ஓட்டிப் பாருங்கள். சத்தம் சட்டென்று நின்றால் அது காலிப்பருக்குள் ஆடும் பிரேக் பேடு. அந்தச் சத்தத்துக்காக ஸ்ட்ரட் இரண்டையும் மாற்றியவர்கள் உண்டு.

வண்டி நிற்கையில் ஸ்டீயரிங்கை ஓரம் வரை திருப்பும்போது ஸ்பிரிங் முறுகிப் பின் 'டொய்ங்' என்று விடுபட்டால், ஸ்ட்ரட் மேலுள்ள பேரிங் இறுகிவிட்டது. ஒருவர் திருப்ப, இன்னொருவர் ஸ்பிரிங் மேல் விரலை வைத்தால் அந்தத் துள்ளல் விரலில் தெரியும். முழுதாகத் திருப்பிக்கொண்டு ஆக்ஸிலரேட்டர் கொடுக்கையில் சக்கரத்தின் சுழற்சியோடு ஏறி இறங்கும் 'டக் டக் டக்' வெளிப்பக்க சி.வி. ஜாயிண்டின் அடையாளம்.

இதற்கெல்லாம் முன்னால் ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்ஸ் பை மூன்றையும் இறக்கி வைத்துவிட்டு, பேட்டரி கிளாம்பை இறுக்கிவிட்டு, பானெட் பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு ஓட்ட வேண்டும். சைலன்சர் குழாய் தொங்கி அடிப்பகுதியில் மோதுவதும் இந்த வகைதான்.

கையால் பார்ப்பது

ஓட்டிப் பார்ப்பது சந்தேகத்தைச் சுருக்கும், கை தீர்ப்பைச் சொல்லும். முதல் சோதனைக்கு வண்டியைத் தூக்கவே வேண்டாம். நான்கு சக்கரமும் தரையில் நிற்க, இன்ஜினை நிறுத்திவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் விட்டுவிட்டு இடமும் வலமும் ஆட்ட வேண்டும். மற்றவர் படுத்து, டை ராடு எண்டின் மேல் கையைச் சுற்றிப் பிடிக்க வேண்டும், ஒரு விரல் கிண்ணத்திலும் ஒரு விரல் தண்டிலும் படும்படி. நல்ல முட்டில் இரண்டும் சேர்ந்தே நகரும். தேய்ந்ததில், தண்டு நகர்ந்து ஒரு நூலளவு கழித்துத்தான் கிண்ணம் நகரும். அந்தத் தாமதம் விரல் நுனியில் 'டிக்' என்று படும். பிறகு ரேக் எண்ட், பிறகு ஸ்டீயரிங் ஜாயிண்ட் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே போகலாம். காசு செலவில்லாத இந்தச் சோதனை ஏன் அரிதாகவே செய்யப்படுகிறது என்று எனக்கு வருத்தம் உண்டு. இரண்டு பேர் வேண்டும், தரையில் படுக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு தடை இல்லை.

அடுத்து ஜாக்கி. இங்கேதான் வண்டியின் வகை தெரிந்திருக்க வேண்டும். மெக்ஃபெர்சன் வண்டியைக் கூட்டின் ஜாக்கி இடத்தில் தூக்கி, சக்கரம் தொங்க, டயர் லிவரை லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவே கொடுத்து நெம்பினால் பால் ஜாயிண்டின் ஆட்டம் வெளிப்படும். இன்னோவா போல ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கும் இரட்டை ஆர்ம் வண்டியில் அப்படித் தூக்கினால் எதுவும் தெரியாது. ஸ்பிரிங்கின் அழுத்தம் முட்டை ஒரு பக்கமாக இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த வண்டிகளில் ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில், பால் ஜாயிண்டுக்கு அருகே வைத்துத் தூக்கி, டயருக்கும் தரைக்கும் நடுவே கடப்பாரை கொடுத்து மேலே நெம்ப வேண்டும். ஜாக்கி வைக்கும் இடம் மாறினால் கெட்ட முட்டு நல்ல முட்டாகத் தெரியும். "ஆட்டிப் பார்த்தேன், ஒண்ணுமில்ல" என்று சொல்லி அனுப்பிய பல வண்டிகளின் ரகசியம் இதுதான். எந்த வகையானாலும் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக்கூடாது. ஸ்டாண்டோ தடித்த மரக்கட்டையோ கொடுத்த பிறகே உள்ளே போக வேண்டும்.

சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கிறதா? ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயிண்ட். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராடு, ரேக் பக்கம்.

முன்பக்கத்தை அழுத்தி விட்டு எத்தனை முறை துள்ளுகிறது என்று எண்ணுவதைப் பலரும் ஷாக் சோதனையாக நினைக்கிறார்கள். ஷாக் முழுதாகச் செத்திருந்தால்தான் அதில் தெரியும். பாதி போன ஷாக் அந்தத் தேர்வில் எளிதாகத் தேறிவிடும். தண்டில் எண்ணெய்க் கசிவு, டயரில் திட்டுத்திட்டான தேய்மானம் இரண்டும் அதைவிட நம்பகமானவை.

கிங் பின், பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டிகளுக்குத் தேடும் இடம் வேறு. 2005இல் வந்த டாடா ஏஸும், பழைய மகிந்திரா ஜீப்பும் முன்னால் பட்டை ஸ்பிரிங் உள்ளவை. ஷாக்கிள் புஷ், யு-போல்ட் தளர்வு, பட்டைகளின் நடு போல்ட் ஆகியவற்றில்தான் தேடல் பெரும்பாலும் முடியும். 1958 முதல் 2014 வரை உற்பத்தியான அம்பாசடரில் முன்னால் சுருள் ஸ்பிரிங்கே இல்லை, டார்ஷன் பார். இந்த வண்டிகளுக்கெல்லாம் பொதுவான மருந்து ஒன்றுண்டு: நிப்பிள் வழியாகக் காலாகாலத்தில் கிரீஸ் அடிப்பது. கிரீஸ் அடித்ததும் சத்தம் இரண்டு நாள் அடங்கித் திரும்ப வந்தால் அதுவும் ஒரு தகவல்தான். பின்னும் புஷ்ஷும் ஏற்கெனவே தேய்ந்துவிட்டன, கிரீஸ் இடைவெளியை நிரப்பி நிற்கிறது.

ரப்பரைக் கொல்வது எது

ரப்பர் புஷ்கள் ஓட்டத்தால் மட்டும் சாவதில்லை. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் இயற்கை ரப்பரில் வெடிப்பை உண்டாக்கும். அதைவிட வேகமாகக் கொல்வது எண்ணெய். பெட்ரோலியப் பொருள் எதுவும் இயற்கை ரப்பரை ஊதவைத்து இளக்கிவிடும். பழைய இன்ஜினின் ஆயில் சொட்டு நேராக லோயர் ஆர்ம் புஷ் மேல் விழுந்துகொண்டிருந்தால் புதிய புஷ் எத்தனை போட்டாலும் நிற்காது. முதலில் சீலை மாற்ற வேண்டும். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் துரு பிடிக்காமல் இருக்க அடியில் டீசலோ கழிவு ஆயிலோ அடித்து அனுப்பும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. தகரத்துக்கு அது நல்லதாக இருக்கலாம், ரப்பருக்கு விஷம். அடிக்கவே வேண்டுமென்றால் புஷ்களையும் பூட் ரப்பர்களையும் மூடிவிட்டு அடிக்கச் சொல்ல வேண்டும்.

புதிய புஷ் சில மாதத்தில் கிழிவதற்கு இன்னொரு காரணம் மாட்டும் முறையில் இருக்கிறது. லோயர் ஆர்மின் உள்முனைப் புஷ் சும்மா சுழலும் உருளை கிடையாது. வெளிக்குழாய், உள்குழாய் இரண்டோடும் ஒட்டிய ரப்பர் அது. ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்பும். வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே அந்த போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால், தொங்கும் நிலையே ரப்பருக்கு ஓய்வு நிலை ஆகிவிடுகிறது. வண்டியைத் தரையில் இறக்கியதும் அது நாள் முழுக்க முறுக்கிய நிலையிலேயே நிற்கும். போல்ட்டை விரல் இறுக்கமாக விட்டு, வண்டியை இறக்கி, நாலைந்து முறை அழுத்தி உட்காரவைத்து, சக்கரத்தின் மேல் நிற்கும் நிலையில்தான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். பள்ளம் தோண்டிய பட்டறையாக இருந்தால் இது ஐந்து நிமிட வேலை. வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று கேட்டுச் செய்யவைக்க வேண்டிய வேலையும்கூட.

லேத்துக்குக் கொண்டுபோவது

உதிரி பாகம் கிடைக்காத வண்டிக்கு ராஜபாளையம் ஒரு வகையில் கொடுத்துவைத்த ஊர். நூற்பாலைகள் நிறைந்த ஊரில் லேத் வேலைக்கு ஆள் பஞ்சம் இருக்காது. மதுரைக்கு அலையாமல், வெண்கலத்திலோ நைலானிலோ புஷ் கடைந்து வாங்கிவிடலாம். இந்த வழக்கத்தை முழுக்க ஏற்கவும் முடியாது, முழுக்க ஒதுக்கவும் முடியாது. கிங் பின்னுக்கு வெண்கலப் புஷ் கடைந்து, அளவுக்கு ரீமர் போட்டு, கிரீஸ் வழி வெட்டிக் கொடுப்பது முறையான வேலை. அது அப்படித்தான் செய்யப்பட வேண்டும். பட்டை ஸ்பிரிங் ஷாக்கிளுக்கு நைலான் புஷ் போட்டாலும் பெரிய தீங்கில்லை, அதிர்வு கொஞ்சம் கூடும். ஆனால் ஒட்டிய ரப்பர் இருந்த லோயர் ஆர்ம் கண்ணில் கடின நைலானைத் திணித்தால் நிலைமை வேறு. ரப்பர் எல்லாத் திசையிலும் சிறிது வளைந்துகொடுக்கும், நைலான் கொடுக்காது. முதல் மாதம் அமைதியாக இருக்கும், பிறகு நைலானே தேய்ந்து முன்னைவிடக் கூர்மையாக அடிக்கும். ரப்பர் உள்வாங்கிக்கொண்டிருந்த அதிர்ச்சி அதற்குள் ஆர்மின் ஒட்டுக்கும் கூட்டின் தகரத்துக்கும் போயிருக்கும். 800இன் ஸ்டெபிலைசர் முனைக்கும் இதே கதைதான். அங்கே ரப்பர்தான் வேண்டும், வண்டி நிறுவனத்தின் அளவிலேயே வேண்டும்.

பால் ஜாயிண்டைச் சூடாக்கி அடித்து இறுக்கித் தருவதையும், தேய்ந்த உருண்டையில் வெல்டிங் போட்டுக் கடைந்து தருவதையும் நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். சூடும் வெல்டிங்கும் அந்த உருண்டையின் இரும்புக்குக் கொடுத்திருந்த பதத்தைக் கெடுத்துவிடும். ஆட்டம் நின்றுவிடும், சத்தமும் நின்றுவிடும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசலோடு அது மறுபடி சாலைக்கு வரும். புதிய பால் ஜாயிண்ட் கிடைக்கும்வரை வண்டியை நிறுத்திவைப்பதே சரி.

பாகம் மாற்றிய பிறகு வீல் அலைன்மெண்ட் பார்க்காமல் விட்டால், சரியாகப் பூட்டிய டை ராடும் டயரை ஓரமாகத் தின்றுவிடும். ஸ்ட்ரட்டையோ ஸ்பிரிங்கையோ இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவது நல்லது. பால் ஜாயிண்டுக்கும் டை ராடு எண்டுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை, ஆட்டம் காட்டுகிற பக்கம் போதும். பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியதும் அதைத்தான்: கழற்றுவதற்கு முன்னால், வண்டியில் மாட்டியிருக்கும்போதே, லிவர் கொடுத்து ஆட்டத்தைக் காட்டச் சொல்வது. "அண்ணே, மாத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஆட்டிக் காட்டுங்க" என்றால் நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார், தானே கூப்பிட்டுக் குனியச் சொல்லுவார். வேலை முடிந்ததும் முதலில் சத்தம் கேட்ட அதே தெருவில், அதே வேகத்தில், பானெட்டுக்குள் செல்போனை அதே இடத்தில் கட்டி ஓட்டி, பழைய பதிவையும் புதியதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். அதன்பின் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டு, ஆர்ம் போல்ட், ஸ்டெபிலைசர் நட்டு எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பார்க்க வேண்டும். புதிய ரப்பர் அமர்ந்துகொள்ளும்போது பழைய இறுக்கம் கொஞ்சம் தளர்வது உண்டு.